படக்கருவி நின்ற பக்கம்



போரைப் பாடுவதற்கென்றே தமிழில் ஓர் இலக்கிய வகை உண்டு. அதற்குப் பரணி என்று பெயர். போர்க்களத்தில் ஆயிரம் யானைகளை வீழ்த்தி வென்ற வீரனுக்கே பரணி பாடுதல் தகும் என்பது பாட்டியல் நூலார் வகுத்த விதி. முதலாங் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின்மீது படை நடத்தி வென்றதைச் செயங்கொண்டார் கலிங்கத்துப்பரணியாகப் பாடினார். அந்நூலில் ஒரு விந்தையைக் கவனிக்கலாம். தோற்றவர் பெயராலேயே பரணி வழங்கும் என்ற மரபின்படி, நூலின் பெயர் தோற்றுப்போன கலிங்கத்தினுடையது; அதில் ஒலிக்கும் குரலோ வென்ற சோழநாட்டினுடையது. அன்று கலிங்கத்தில் எரிந்த ஊர்கள் எவை, அங்கே மடிந்த மறவனின் தாய் என்ன சொல்லி அழுதாள் என்று அந்நூலை வினவினால் விடை கிடையாது. சோழநாட்டுப் புலவர் சோழநாட்டார்க்குப் பாடிய நூலில் அந்த விடையை எதிர்பார்க்கவும் இயலாது.

நம் காலத்துப் பரணி பெரும்பாலும் படக்கருவியினாலே பாடப்படுகின்றது. 1983 முதல் 2009 வரை நம் நாட்டில் நிகழ்ந்த உள்நாட்டுப் போரிலே, கிளர்ச்சிப் படையினர் தாம் நடத்திய சமர்களைத் தாமே படம் பிடித்தனர். அந்த ஒளிநாடாக்களை வரலாறு கற்போர் எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இப்பொருளைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. களனி கங்கை கடலொடு கலக்கும் மட்டக்குளியிலே கல்விப் பணி புரிபவன் நான். வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தோரும், மலையகத்திலிருந்து தொழில் தேடி வந்தோரும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இப்பகுதியில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கின்றனர். இன்று எம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளிற் பெரும்பாலோர் போர் முடிந்த பின்னர் பிறந்தவர்கள். அவர்கள் அப்போரைப் பாடநூலில் அறிவதைக் காட்டிலும் கைப்பேசித் திரையில் அறிவதே மிகுதி. புகையும் வெடியோசையும் நிறைந்த ஒரு காட்சியைக் கண்டுவிட்டு, "சேர், இது உண்மையிலே நடந்ததுதானா?" என்று அவர்கள் வினவுகின்றனர். ஆம் என்று கூறினால் அது பாதி விடை. இல்லை என்று கூறினால் அது தவறான விடை. மீதிப் பாதியைத் தேடுவதற்கே வரலாற்றுக் கல்வி வேண்டியிருக்கின்றது.

இவ்வினா நமக்கு மாத்திரம் உரியதன்று. உள்நாட்டுப் போரும் படக்கருவியும் முதன்முதலிற் சந்தித்த காலந்தொட்டே அது எழுந்து வந்திருக்கின்றது. பிற நாடுகளிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிட்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம்.

1863ஆம் ஆண்டு ஜூலை மாதம், அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெருஞ்சமர் கெற்றிஸ்பேர்க் என்னும் ஊரிலே நிகழ்ந்தது. சமர் ஓய்ந்த சில நாட்களில் அலெக்சாண்டர் கார்ட்னர் என்பாரின் குழுவினர் அங்கே சென்று நிழற்படங்கள் எடுத்தனர். அவற்றுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. பாறைகளுக்கு நடுவே கட்டிய கல்லரணின் அடியிலே தென்மாநிலக் கிளர்ச்சிப் படையைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் இறந்து கிடக்கின்றான். அவனது துப்பாக்கி சுவரிற் சாய்ந்து நிற்கின்றது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரனின் இறுதி இடம் அது என்று 1866இல் வெளியிட்ட தம் நூலிலே கார்ட்னர் எழுதினார். நூறாண்டுக்கு மேலாக மக்கள் அதனை நம்பினர். பின்னர் வில்லியம் பிரசனிற்றோ என்னும் ஆய்வாளர் அக்களத்திற் பிடித்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அதே உடல் வேறோர் இடத்திலே கிடக்கும் படங்களும் இருந்தன. படம் எடுத்தோர் உடலைத் தூக்கி வந்து, அழகிய பின்னணி அமைந்த இடத்திலே கிடத்தி, துப்பாக்கியையும் வைத்துப் படம் பிடித்திருக்கின்றனர் என்பதை 1975இல் அவர் வெளிப்படுத்தினார். இறப்பு மெய், இறந்தவன் மெய், படத்திலுள்ள கதை மாத்திரம் புனைவு.

இரண்டாவது எடுத்துக்காட்டு மெக்சிக்கோ நாட்டினது. அங்கு நடந்த புரட்சியின்போது கிளர்ச்சித் தலைவர் பாஞ்சோ வில்லா 1914ஆம் ஆண்டு ஜனவரியிலே மியூச்சுவல் என்னும் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். அவருடைய சமர்களைப் படம் பிடிக்கும் உரிமை அந்நிறுவனத்துக்கு. வருவாயில் ஒரு பங்கு அவருக்கு. வெளிச்சம் வேண்டுமென்பதற்காகப் பகலிலேதான் தாக்குதல் தொடங்க அவர் உடன்பட்டார் என்றொரு கதை உலகெங்கும் பரவியது. எனினும், ஆய்வாளர் கண்டெடுத்த ஒப்பந்தத்தில் அத்தகைய நிபந்தனை எதுவும் இல்லை. முதற்கதையில் மக்கள் பொய்யான படத்தை மெய்யென நம்பினர். இக்கதையிலோ, படம் பொய் என்று கூறிய வதந்தியை மெய்யென நம்பினர். நம்புதற்கு மட்டுமன்றி நம்பாமைக்கும் சான்று வேண்டும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்து நமக்குக் கற்பிக்கின்றன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு ஏப்ரிலில் தெற்கிலே இளைஞர் கிளர்ச்சி மூண்டபோது இலங்கையிலே தொலைக்காட்சி இல்லை. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. 1983 ஜூலையில் வடக்கின் போர் பெருந்தீயாக மூண்டது. அதே 1983ஆம் ஆண்டிலேதான் படம் பிடித்தலையும் பதிவு செய்தலையும் ஒரே கருவியாகத் தோளிற் சுமந்து செல்லக்கூடிய ஒளிநாடாக் கருவியை ஜப்பானிய நிறுவனம் ஒன்று சந்தைக்கு அனுப்பியது. இரண்டும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆனால் அத்தற்செயலின் விளைவு பெரிது. திரைப்படச் சுருளும், அதனைக் கழுவும் ஆய்வுகூடமும், பெரும் பணமும் இல்லாத ஓர் இயக்கம் தன் போரைத் தானே பதிவு செய்ய வழி பிறந்தது.

தமிழீழ விடுதலைப் புலிகள் இவ்வழியை முழுமையாகப் பயன்படுத்தினர். நிதர்சனம் என்ற பெயரிலே அவர்களது ஒளிப்பதிவுப் பிரிவு இயங்கியது. 1987ஆம் ஆண்டு நல்லூரிலே நீரும் அருந்தாது நோன்பிருந்து, செப்டெம்பர் 26ஆம் நாள் திலீபன் உயிர்நீத்த காட்சிகள் பதிவாயின. பின்னர் ஒளிவீச்சு என்னும் ஒளிநாடாச் சஞ்சிகை வெளிவந்தது. 2005இலே செய்மதி வழியான தொலைக்காட்சி ஒன்றும் தொடங்கப்பட்டது. போராளிகளுள்ளே சிலர் படப்பிடிப்பிற் பயிற்சி பெற்றுத் தாக்குதல் அணிகளோடு முன்னே சென்றனர். அவர்களுட் சிலர் கருவி கையிலிருக்கவே மாண்டும் போயினர். ஆதலின், இப்படங்கள் பின்னர் மேடையமைத்து நடித்துக் காட்டப்பட்டவை என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது.

அவை எதற்காக எடுக்கப்பட்டன? மூன்று பயன்கள் புலனாகின்றன. முதலாவது, நடந்த சமரை மீண்டும் பார்த்துப் பிழைகளை ஆராய்தல். இரண்டாவது, மின்சாரம் அற்றுப்போயிருந்த வடபுலத்து ஊர்களிலே மின்பிறப்பாக்கியை இயக்கி மக்களுக்குக் காட்டி, இளைஞரையும் யுவதியரையும் இயக்கத்திற் சேரத் தூண்டுதல். மூன்றாவது, இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் தமிழருக்கு அனுப்பி அவர்தம் உள்ளத்தையும் பொருளுதவியையும் பெறுதல். படை ஆய்வுக்கு வேண்டியது பிழை. திரையிற் காட்ட வேண்டியது வெற்றி. ஆகவே களத்திற் பதிந்ததற்கும் மக்கள் கண்டதற்கும் நடுவே ஒரு கத்தரிக்கோல் இருந்தது. பாட்டும் பின்னிசையும் உரையும் சேர்ந்தது அக்கத்தரிக்கோலுக்குப் பிறகே.

ஆனையிறவை எடுத்துக்கொள்வோம். 2000ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆம் நாள் அப்பெருந்தளம் புலிகளின் கையில் வீழ்ந்தது. கொடியேற்றும் காட்சி படமாயிற்று. 2009ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அரசாங்கப் படை அதே இடத்தை மீளக் கைப்பற்றியது. அப்போதும் கொடியேற்றும் காட்சி படமாயிற்று. ஒன்பது ஆண்டு இடைவெளியில் ஒரே உப்புவெளியிலே இரண்டு கொடிகள், இரண்டு படங்கள், இரண்டிலும் மகிழ்ச்சிக் கூவல். ஒவ்வொன்றும் தன்னளவில் மெய்யானது. ஒன்றை மாத்திரம் கண்டு வளர்ந்த பிள்ளை பாதி நாட்டின் வரலாற்றையே அறிந்தவன் ஆவான்.

அதே ஆனையிறவில் 1991ஆம் ஆண்டு ஜூலையிலே புலிகள் இரும்புத் தகடு போர்த்திய மண்வாரி இயந்திரம் ஒன்றைக் கவச ஊர்தியாக்கி முகாமை நோக்கிச் செலுத்தினர். லான்ஸ் கோப்ரல் காமினி குலரத்ன என்னும் படைவீரர் கைக்குண்டுகளோடு அதன்மேல் ஏறித் தம் உயிரைக் கொடுத்து அதனைத் தடுத்தார். அந்த ஊர்தி இன்று ஏ-9 பெருந்தெருவின் ஓரத்திலே நினைவுச் சின்னமாக நிற்கின்றது. தெற்கிலிருந்து வரும் மாணவர் அதிலே ஒரு தனிவீரனின் தியாகத்தைக் காண்கின்றனர். வடக்கிலே பலர் அதனுள் இருந்தவர்களின் துணிவை நினைக்கின்றனர். அவ்வூர்தி ஒன்றே, அதனை நினைப்போர் இருவகையினர். திரையில் தோன்றுவோருக்கு இடும் பெயரும் இவ்வாறே மாறுகின்றது: ஒரு பக்கத்துப் படத்திலே மாவீரன், மறுபக்கத்துப் படத்திலே பயங்கரவாதி. இரண்டு சொல்லும் பார்ப்பவனுக்கு முன்கூட்டியே தீர்ப்பைக் கொடுத்துவிடுகின்றன.

படத்தில் இருப்பதை ஆராய்தல் எளிது. படத்தில் இல்லாததை ஆராய்தலே அரிது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வட மாகாண முஸ்லிம்கள், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர், புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்திலே அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. வெற்றிச் சமர்களின்மீது விழுந்த வெளிச்சம் அத்தெருக்களின்மீது விழவில்லை. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித இராயப்பர் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அரசாங்கத்தின் போர்வெற்றிப் படங்களிலே அவர்களைத் தேடினால் காண மாட்டோம். 1998ஆம் ஆண்டு ஜூனிலே போர்ச் செய்திகளின்மீது தணிக்கையும் விதிக்கப்பட்டது. இரு தரப்பாரும் தத்தம் படக்கருவிக்கு முதுகைக் காட்டிச் செய்தவை, இன்று மக்களின் வாய்மொழியிலும் கடிதங்களிலும் மரண விசாரணைக் குறிப்புகளிலுமே எஞ்சியிருக்கின்றன.

இன்னொன்று: படத்திலே இருந்தும் நம் கண்ணுக்குப் படாதது. அணிவகுத்து நிற்கும் இளைஞரின் முகங்களை நிதானமாக நோக்குங்கள். மீசை அரும்பாத முகங்கள் அவற்றுள் உண்டு. புலிகள் சேர்த்துக்கொண்ட சிறுவர்கள் எனக் கிடைத்த முறைப்பாடுகளை யுனிசெஃப் நிறுவனம் பதிந்து வந்தது. 2002இன் பின்னரான ஆண்டுகளில் அப்பதிவேட்டிலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள் ஏறின. பின்னிசை நம்மை வீரத்தை நோக்குமாறு ஏவுகின்றது. ஆசிரியனாகிய என் கண்ணுக்கோ வகுப்பறையில் அமர்ந்திருக்க வேண்டிய வயதே முதலில் தெரிகின்றது. ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை படத்தைப் பாருங்கள் என்று மாணவருக்கு நான் கூறுவது இதனாலேயே.

போரின் இறுதிக் கட்டத்திலே இவ்வினாக்கள் யாவும் ஒருங்கே திரண்டன. 2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலரும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு நீங்குமாறு அரசாங்கம் பணித்தது. அதன்பின் அங்கே எஞ்சிய கண்கள் பெரும்பாலும் போரிட்டோருடைய கண்களே. கிளர்ச்சிப் பகுதியிலிருந்து வெளிவந்த படங்கள், எறிகணை வீழ்ந்த வைத்தியசாலைகளையும் காயமுற்ற குழந்தைகளையும் காட்டின. 2009ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள், புதுமாத்தளனில் மண்ணரண் உடைந்து மக்கள் ஆயிரமாயிரமாக வெளியேறுவதை அரசாங்கத்தின் ஆளில்லா விமானம் மேலிருந்து காட்டியது. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு 2011இலே தன் அறிக்கையை வெளியிட்டது. பொதுமக்களுட் பெரும்பாலோர் அரசாங்கத்தின் எறிகணைகளால் மாண்டனர் என்பதும், தப்பியோட முயன்ற மக்களைப் புலிகள் சுட்டனர் என்பதும் நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் என்று அது கூறியது. இப்போது அவ்விரு படங்களையும் மீண்டும் எண்ணிப் பாருங்கள். முதலாவது, எறிகணை செய்த காயத்தைக் காட்டிற்று. ஓடியவர்மீது சுட்டதைக் காட்டவில்லை. இரண்டாவது, மக்கள் ஓடி வந்ததைக் காட்டிற்று. எதற்கு அஞ்சி ஓடினர் என்பதை முழுமையாகக் காட்டவில்லை. பொய்யுரைக்காமலே பாதியை மறைக்கப் படக்கருவிக்கு இயலும்.

மூன்றாவது வகைப் படமும் வந்தது. கைதானோர் கொல்லப்படுவதாகத் தோன்றும் கைப்பேசிக் காட்சிகளைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2009 ஆகஸ்டிலும் 2011 ஜூனிலும் ஒளிபரப்பியது. அவை போலி என்று அரசாங்கம் கூறியது. நிபுணர் ஆய்வு அவற்றின் மெய்ம்மையையே காட்டுகின்றது என்று ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2010 ஜனவரியிற் கூறினார். அரசாங்கமே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, அக்காட்சிகளைப் பற்றிச் சுயாதீன விசாரணை நடத்த வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் அறிக்கையிலே பரிந்துரைத்தது. நம்புவோரும் நம்பாதோரும் ஒருமுகமாகக் கேட்கத்தக்க நெறி அதுவே: மூல நாடா எங்கே, எடுத்தவர் யார், எந்நாள், எவ்விடம் என்று அச்சமின்றி விசாரித்தல்.

ஆனால் விசாரிக்கப் படம் எஞ்சியிருத்தல் வேண்டுமன்றோ? 2009 ஜனவரி 2ஆம் நாள் கிளிநொச்சி வீழ்ந்த பின்னர் பின்வாங்கிய வழியிலே எத்தனையோ நாடாக்கள் மண்ணுக்கும் தீக்கும் இரையாயின. வீடுகளில் இருந்தவற்றை அச்சத்தால் மக்களே அழித்தனர். எஞ்சியவற்றைக் காலம் அழித்துக்கொண்டிருக்கின்றது. காந்தப் பூச்சுடைய நாடா சில பத்தாண்டுகளில் நலிந்துவிடும்; நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அந்நலிவை விரைவுபடுத்தும். அதனை இயக்கும் பொறியை உலகிலே இறுதியாகச் செய்துவந்த நிறுவனமும் 2016ஆம் ஆண்டிலே உற்பத்தியை நிறுத்திவிட்டது. இணையத்தில் உலவுபவை பெரும்பாலும் பிரதியின் பிரதிகள். பாட்டும் தலைப்பும் புதிதாக ஒட்டப்பட்டவை. நாளும் இடமும் அறுந்தவை. 1981இலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது 97,000 நூல்களை இழந்தோம். அவ்விழப்பை இன்றும் நினைந்து வருந்துகின்றோம். இந்த நாடாக்களின் அழிவுக்கோ தீயும் வேண்டியதில்லை, வாளாவிருத்தலே போதும்.

இவற்றைப் பேணுதல் அவ்வியக்கத்தைப் போற்றுதலாகும் என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. இத்தகைய காட்சிகளைச் சமூக ஊடகங்களிற் பகிர்ந்தமைக்காக இளைஞர் கைதான செய்திகளையும் நாம் அறிவோம். ஆனால் சுவடிக்கூடத்திலே பேணுவது வேறு. சந்தியிலே திரையிடுவது வேறு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம் முன்னோரை ஒடுக்கிய காலத்துப் பதிவேடுகளையும் நாம் காத்துவைத்துக் கற்கின்றோம். அதனால் அவர்களை நாம் போற்றுபவர் ஆகிவிடவில்லை. இரு தரப்பாரின் படங்களும் ஒரே கூரையின்கீழ், எடுத்தவர், நாள், இடம் என்னும் குறிப்புகளோடு, ஆய்வாளர்க்கும் உறவினர்க்கும் திறந்து வைக்கப்படுதல் வேண்டும்.

உறவினர் என்று கூறியதைச் சற்றே விரித்துரைத்து என் பேச்சை முடிக்கின்றேன். 2017ஆம் ஆண்டு பெப்ரவரி தொடங்கிக் கிளிநொச்சியிலும் பிற ஊர்களிலும் காணாமற்போன தம் மக்களின் நிழற்படங்களை ஏந்தித் தாய்மார் தெருவோரத்தில் அமர்ந்தனர். காணாமற்போனோரைக் கண்டறிவதற்கான அலுவலகம் 2018இலே பணி தொடங்கியது. தெற்கின் சிற்றூர்களிலும், சமரிற் காணாமற்போனார் என்ற ஒரு வரித் தாளோடு காத்திருக்கும் படைவீரரின் தாய்மார் பலர் உள்ளனர். புலிகளின் நாடாக்களில் அவர்களாற் சிறைபிடிக்கப்பட்ட படைவீரர் தோன்றும் காட்சிகளும் உண்டு. களத்திலே ஒரு கணம் திரும்பிப் பார்த்து மறையும் முகங்களும் உண்டு. வரலாற்றாசிரியனுக்கு அது ஒரு சான்று. பரப்புரையாளனுக்கு அது ஒரு கருவி. ஒரு தாய்க்கோ, தன் மகன் இன்ன நாளிலே இன்ன இடத்திலே உயிரோடு இருந்தான் என்பதற்கு உலகில் எஞ்சியுள்ள ஒரே ஆதாரமாக அது இருக்கலாம். அந்தத் தாய் பேசுவது தமிழாகவும் இருக்கலாம், சிங்களமாகவும் இருக்கலாம்.

ஆகவே, இத்தகைய படம் ஒன்று உங்கள் வீட்டுப் பிள்ளையின் கையிலே தோன்றினால், அதனைப் பறித்து வைத்தலால் பயனில்லை. பிள்ளை வேறிடத்தில் அதைத் தனியே காண்பான். அவனருகில் அமர்ந்து, இதை எடுத்தவர் யார், அவர் எந்தப் பக்கத்தில் நின்றார், எதை வெட்டினார், யாருக்குக் காட்டினார் என்று கேளுங்கள். அதன்பின், இதிலே தெரியும் முகம் யாருடைய பிள்ளை என்றும் கேளுங்கள். இவ்வினாக்களுக்கு உங்களாலும் அவனாலும் உடனே விடை கூற இயலாமற் போகலாம். ஆயினும், அவற்றைக் கேட்கப் பழகிய பிள்ளையை எந்தப் பரணியும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.